வருகைக்குக் காத்திருக்கும் கூட்டம்: திருச்சபையும் கடைசிக் காரியங்களும்

கி.பி. 50-ஐ ஒட்டிய காலம். கிரேக்க நாட்டின் வடபகுதியில் இருந்த தெசலோனிக்கே என்ற துறைமுக நகரத்தின் சிறிய கிறிஸ்தவக் கூட்டத்துக்கு ஒரு கவலை வந்தது. இயேசு திரும்பி வருவார் என்று அப்போஸ்தலர் பவுல் அவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைத் தங்கள் வாழ்நாளிலேயே பார்ப்போம் என்று நம்பியிருந்தார்கள். அதற்குள் அவர்களில் சிலர் இறந்துபோனார்கள். அப்படியென்றால் இறந்தவர்களுக்கு அந்த நாளில் பங்கே கிடையாதா?

பவுல் எழுதிய பதில்தான் முதலாம் தெசலோனிக்கேயர் நிருபத்தின் (கடிதத்தின்) நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. புதிய ஏற்பாட்டு நூல்களிலேயே மிகப் பழையது இந்த நிருபம்தான் என்பது ஆய்வாளர்களில் பலருடைய கருத்து. அந்த மக்களின் கேள்வியைக் கவனியுங்கள். 'என் ஆத்துமா எங்கே போகும்?' என்று யாரும் கேட்கவில்லை. 'எங்களில் இறந்தவர்கள் விடுபட்டுப்போவார்களா?' என்றுதான் கேட்டார்கள். பவுலும் கூட்டத்தை மனதில் வைத்தே பதில் சொல்கிறார்: மரித்தவர்கள் முதலில் எழுந்திருப்பார்கள், பிறகு உயிரோடிருப்பவர்கள் அவர்களோடு சேர்ந்துகொள்வார்கள், எல்லாரும் எப்போதும் கர்த்தரோடு இருப்பார்கள்.

திருச்சபையைப் பற்றிய நம்பிக்கையும் உலக முடிவைப் பற்றிய நம்பிக்கையும் கிறிஸ்தவத்தில் தனித்தனிப் பாடங்கள் அல்ல. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை ஓரளவு தானாகவே விளங்கும். 325-இல் நிசேயாவிலும் 381-இல் கான்ஸ்டாண்டிநோபிளிலும் கூடிய பேராயர் சங்கங்களிலிருந்து வந்த விசுவாச அறிக்கை, ஒரே, பரிசுத்த, பொதுவான, அப்போஸ்தல திருச்சபையை நம்புகிறோம் என்று சொல்கிறது. அதே மூச்சில் ஞானஸ்நானத்தைச் சொல்லி, மரித்தோர் உயிர்த்தெழுதலுக்கும் வரப்போகும் உலகத்தின் வாழ்வுக்கும் காத்திருக்கிறோம் என்று முடிகிறது. ஞாயிறு ஆராதனையில் மனப்பாடமாகச் சொல்லும்போது இந்த வரிசையை நாம் கவனிப்பதில்லை.

திருச்சபை என்றால் என்ன?

கட்டடம் அல்ல என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரு சங்கமோ மன்றமோ போல, ஒத்த கருத்துள்ளவர்கள் சேர்ந்து தொடங்கிய அமைப்பும் அல்ல. இயேசு உயிர்த்தெழுந்து ஐம்பதாம் நாளில், பெந்தெகொஸ்தே பண்டிகையன்று எருசலேமில் பரிசுத்த ஆவியானவர் இறங்கியபோது அது வெளிப்படையாகத் தொடங்கியது என்பது நம்பிக்கை. பவுல் அதைக் கிறிஸ்துவின் சரீரம் என்கிறார். அதாவது கிறிஸ்துவின் வேலையை இன்று இந்த உலகத்தில் செய்யும் கைகளும் கால்களும் இந்த மக்கள்தான்.

அந்த நான்கு அடைமொழிகளில் 'பொதுவான' என்பதற்கு எல்லா இடத்துக்கும் எல்லாக் காலத்துக்கும் உரியது என்று பொருள். 'அப்போஸ்தல' என்றால் அப்போஸ்தலர்களின் போதனையில் நிற்பது. அந்தத் தொடர்ச்சி பேராயர்களின் வரிசை வழியாகவும் வருகிறது என்று கத்தோலிக்கர்களும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் நம்புகிறார்கள். போதனை மாறாமல் இருப்பதே தொடர்ச்சி என்பார்கள் சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபையினரில் பெரும்பாலோர்.

'பரிசுத்த' என்ற அடைமொழிதான் இடறுகிறது. பதவிக்காக வழக்குப் போடுகிறவர்களும் சாதி பார்த்துக் கல்லறையைப் பிரிக்கிறவர்களும் உள்ள ஒரு கூட்டத்தை எப்படிப் பரிசுத்தமானது என்று சொல்வது? இந்தக் கேள்வி புதியது அல்ல. 303-இல் ரோமப் பேரரசர் தியோக்கிளேசியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தத் தொடங்கியபோது, வட ஆப்பிரிக்காவில் சில குருமார்கள் பயந்து வேதப் பிரதிகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். துன்புறுத்தல் முடிந்ததும் பெரிய சண்டை கிளம்பியது. காட்டிக்கொடுத்த கைகளால் அபிஷேகம் பெற்ற பேராயர் பேராயரே அல்ல, அவர்கள் தரும் ஞானஸ்நானமும் செல்லாது, தூய்மையானவர்கள் நாங்கள் மட்டுமே என்று ஒரு பிரிவு தனியே போனது. தொனாத்து என்ற தலைவரின் பெயரால் அவர்களைத் தொனாத்தியர் என்கிறோம்.

அவர்களுக்குப் பதில் சொன்னவர் ஹிப்போ நகரின் பேராயர் அகுஸ்தீன். 411-இல் கார்த்தேஜில் நூற்றுக்கணக்கான பேராயர்கள் இரு தரப்பிலும் கூடி இதை விவாதித்தார்கள். சபையின் பரிசுத்தம் கிறிஸ்துவுடையது, ஊழியம் செய்கிற மனிதனுடையது அல்ல என்பது அகுஸ்தீனின் வாதம். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது இயேசு சொன்ன கோதுமையும் களைகளும் உவமையை. இரண்டும் அறுப்பு வரை சேர்ந்தே வளரட்டும் என்கிறார் அந்த நிலத்துக்காரர். அறுப்பு என்பது உலகத்தின் முடிவு. களையைப் பிடுங்கிப் பிரிக்கும் வேலை அன்றைக்குக் கடவுளுடையது, இன்றைக்கு நம்முடையது அல்ல.

பாருங்கள், திருச்சபையைப் பற்றிய கேள்விக்கு விடை கடைசி நாளிலிருந்து வருகிறது. சபை குறையோடு இருப்பதற்குக் காரணம், கதை இன்னும் முடியவில்லை. இதைச் சாக்காக வைத்துத் தவறுகளை மூடி மறைக்கலாம் என்று பொருள் அல்ல. பவுலே கொரிந்து சபையை வெளிப்படையாகக் கண்டித்திருக்கிறார். ஆனால் 'நாங்கள் மட்டுமே சுத்தம்' என்று ஒரு கூட்டம் சொல்லத் தொடங்கும்போது, அது கடைசி நாளின் நியாயாதிபதியின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறது.

'ஒரே' என்ற சொல்லும் வேதனை தருவதுதான். 1054-ஐ ஒட்டி கிழக்கும் மேற்கும் பிரிந்தன. 16-ஆம் நூற்றாண்டில் மேற்கு பலவாக உடைந்தது. ஒட்டவைக்கும் முயற்சிகளும் நடந்திருக்கின்றன, அதில் ஒன்று நம் ஊரில். இந்தியா சுதந்திரம் பெற்ற அடுத்த மாதமே, 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. பேராயர்கள் உள்ள ஆங்கிலிக்கன் மரபும், பேராயர்களே இல்லாத பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளும், மெதடிஸ்ட் மரபும் ஒரே சபையாகச் சேர்ந்தன. அப்படி ஓர் இணைப்பு உலகத்திலேயே அதுவரை நடந்ததில்லை. 'அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்' என்று யோவான் 17-இல் இயேசு ஜெபித்ததை நம்பி எடுத்த அடி அது. எனக்கு அது இன்றும் பெருமையான விஷயம்தான்.

இறந்தவர்களும் சபையில் உண்டா?

உண்டு. அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தில் வரும் 'பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்' என்ற பகுதி இதைத்தான் சொல்கிறது. மரணம் ஒருவரைச் சபையின் பதிவேட்டிலிருந்து நீக்குவதில்லை. தெசலோனிக்கேயருக்குப் பவுல் சொன்ன ஆறுதலும் இதுவே.

ஆனால் இறந்தவர்களுக்காக நாம் ஏதாவது செய்ய முடியுமா என்பதில் சபைகள் பிரிகின்றன. கத்தோலிக்கப் போதனையில் மூன்று நிலைகள் உண்டு: பூமியில் பயணம் செய்கிறவர்கள், உத்தரிக்கிற ஸ்தலத்தில் தூய்மை பெறுகிறவர்கள், மோட்சத்தில் கடவுளைக் காண்கிறவர்கள். கடவுளின் அருளில் இறந்தாலும் இன்னும் முழுமையாகத் தூய்மை அடையாதவர்களுக்கு உரிய நிலைதான் உத்தரிக்கிற ஸ்தலம். அது இரண்டாவது நரகம் அல்ல. அங்கிருப்பவர்கள் அனைவரும் மோட்சத்துக்குப் போவது உறுதி. அவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பதும் செபிப்பதும் அன்பின் கடமை. நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் குடும்பம் குடும்பமாகக் கல்லறைகளைச் சுத்தம் செய்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவது இந்த நம்பிக்கையோடுதான். ஆர்த்தடாக்ஸ் சபையாரும் இறந்தோருக்காக மன்றாடுகிறார்கள், ஆனால் உத்தரிக்கிற ஸ்தலம் என்ற விளக்கத்தை ஏற்பதில்லை.

இந்தப் போதனையைச் சுற்றிப் பண வியாபாரம் புகுந்தபோதுதான் 1517-இல் மார்ட்டின் லூத்தர் எதிர்க்குரல் எழுப்பினார். சீர்திருத்தச் சபைகள் உத்தரிக்கிற ஸ்தலத்தையே மறுத்துவிட்டன. கிறிஸ்து சிலுவையில் செய்தது போதும், மரணத்துக்குப் பின் சேர்க்க வேண்டியது எதுவும் இல்லை என்பது அவர்கள் வாதம். நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்த வீட்டில் இந்த வேறுபாடு வெறும் விவாதமாக இருக்காது. எனவே இதைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் கனிவோடு பேசுவது நல்லது.

உடல் எழும் என்ற நம்பிக்கை

கடைசிக் காரியங்கள் என்று மரபாகச் சொல்லப்படுபவை நான்கு: மரணம், தீர்வை (கடவுளின் நியாயத்தீர்ப்பு), மோட்சம், நரகம். எனக்கு இந்தப் பட்டியலில் ஒரு குறை தெரிகிறது. கிறிஸ்தவ நம்பிக்கையின் நடுவே நிற்கும் உயிர்த்தெழுதல் இதில் பெயர் சொல்லப்படவில்லை. அதனால்தானோ என்னவோ, 'நல்லவர்கள் செத்தால் ஆத்துமா பரலோகம் போய்விடும், அதோடு சரி' என்றே பல கிறிஸ்தவர்களும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மரித்தவுடன் விசுவாசி கிறிஸ்துவோடு இருப்பார் என்பதைப் பெரும்பாலான சபைகள் ஒப்புக்கொள்கின்றன. கூடச் சிலுவையில் தொங்கியவனிடம், 'இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்' என்று இயேசு சொன்னது அதற்கு ஆதாரம். (ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் போன்ற சிலர், உயிர்த்தெழும் நாள் வரை இறந்தவர்களுக்கு உணர்வே இல்லை என்பார்கள்.) ஆனால் அது இடைக்கால நிலைதான், முடிவு அல்ல. கடைசியில் எதிர்பார்ப்பது உடலோடு எழுவதை.

எப்படிப்பட்ட உடல்? கொரிந்து சபையில் இதே கேள்வி எழுந்தபோது பவுல் விதையைக் காட்டினார். விதைக்கிறது வெறும் மணி, முளைத்து எழுகிறது பயிர். இரண்டும் ஒன்றுதான், ஆனாலும் ஒன்றல்ல. 'அழிவுள்ளதாய் விதைக்கப்படும், அழிவில்லாததாய் எழுந்திருக்கும்.' உயிர்த்தெழுந்த இயேசுவே அதற்கு முதல் மாதிரி. அவர் சாப்பிட்டார், அவர் கைகளில் காயத்தின் தழும்பு இருந்தது, ஆனால் பூட்டிய கதவு அவரைத் தடுக்கவில்லை.

அடக்கம் செய்யாமல் எரித்தால் உயிர்த்தெழ முடியாதா என்று பலர் கேட்கிறார்கள். 177-இல் இன்றைய பிரான்ஸின் லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்ற பிறகு, அவர்களுடைய உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். இனி இவர்கள் எப்படி எழுவார்கள் பார்ப்போம் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்று சரித்திர ஆசிரியர் யுசேபியஸ் பதிவு செய்திருக்கிறார். அந்தச் செயல் சபையின் நம்பிக்கையைக் குலைக்கவில்லை. ஒன்றுமில்லாமையிலிருந்து படைத்தவருக்குச் சாம்பலிலிருந்து எழுப்புவது பெரிதா? அடக்கம் செய்வதே சபையின் நெடுங்கால வழக்கம். ஆனாலும் கத்தோலிக்கத் திருச்சபை 1963 முதல் தகனத்தை அனுமதிக்கிறது. சாம்பலைத் தூவாமல் புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-இல் வலியுறுத்தியது. அந்த உடலின் மேலுள்ள மரியாதைதான் காரணம்.

வருகை: எப்போது, எப்படி?

'இயேசு வருகிறார்', 'இயேசு சீக்கிரம் வருகிறார்' என்று மதில்களில் எழுதியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இயேசு மகிமையோடு திரும்பி வருவார், உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்ப்பார் என்பதில் முக்கியமான சபைகள் எதற்கும் கருத்து வேறுபாடு இல்லை. வேறுபாடு கால அட்டவணையில்தான்.

தமிழ்ப் பெந்தெகொஸ்தே, பிரதரன் சபைகளில் பலவற்றில் நீங்கள் கேட்கும் வரிசை இது: முதலில் இரகசிய வருகை, அதில் சபை எடுத்துக்கொள்ளப்படும். பிறகு ஏழு வருட உபத்திரவம், கிறிஸ்துவுக்கு எதிரியான அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி. பிறகு பகிரங்க வருகை, ஆயிர வருட அரசாட்சி, கடைசியாக வெள்ளைச் சிங்காசன நியாயத்தீர்ப்பு. இதைத்தான் வேதம் நேரடியாகச் சொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இரகசிய வருகை தனி, பகிரங்க வருகை தனி என்று பிரிக்கும் இந்த அமைப்பைப் பரவச் செய்தவர், பிரதரன் சபைகளின் தொடக்ககால ஆசிரியர்களில் ஒருவரான ஜான் நெல்சன் டார்பி. அவர் 19-ஆம் நூற்றாண்டுக்காரர். 1909-இல் வெளியான ஸ்கோஃபீல்டு விளக்கவுரை வேதாகமம் இதை உலகெங்கும் கொண்டுபோனது. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ், லூத்தரன், ஆங்கிலிக்கன் சபைகள் இதைப் போதிப்பதில்லை.

இரகசிய வருகைக்கு எடுத்துக்காட்டப்படும் வசனம் நாம் தொடக்கத்தில் பார்த்த அதே அதிகாரம்தான். 'கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக' மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவோம் என்கிறார் பவுல். அந்தக் காலத்தில் அரசனோ பெரிய அதிகாரியோ ஊருக்கு வந்தால் மக்கள் வெளியே போய் எதிர்கொண்டு அழைத்து வருவார்கள். நம் மாப்பிள்ளை அழைப்பு மாதிரி: எதிர்கொள்ளப் போகிறவர்கள் மாப்பிள்ளையோடு ஊருக்குள் திரும்பி வருவார்களே தவிர, அவரோடு எங்கோ போய்விடுவதில்லை. பவுல் மனதில் இருந்தது இந்தக் காட்சிதான் என்று விளக்குகிறவர்கள் பலர், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. அந்தப் பகுதி முடிவதையும் பாருங்கள்: 'இந்த வார்த்தைகளினாலே நீங்கள் ஒருவரையொருவர் தேற்றுங்கள்.' தேற்றுவதற்காக எழுதியதை வைத்துப் பிள்ளைகளைத் தூக்கத்தில் பயந்து எழும்ப வைப்பது அநியாயம். காலையில் எழுந்து அம்மாவைக் காணாவிட்டால், வருகை நடந்துவிட்டது, நான் விடப்பட்டேன் என்று அழும் குழந்தைகள் நம் வீடுகளில் இருந்திருக்கிறார்கள்.

ஆயிர வருடம் என்பது வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் 20-ஆம் அதிகாரத்தில் வருகிறது. அகுஸ்தீன் அதை அடையாள எண்ணாக எடுத்து, கிறிஸ்துவின் முதல் வருகைக்கும் இரண்டாம் வருகைக்கும் இடைப்பட்ட சபையின் காலமே அது என்றார். மேற்கத்தியச் சபைகளில் பெரும்பாலும் நிலைத்த விளக்கம் இது. அந்திக்கிறிஸ்து என்ற பெயரோ வெளிப்படுத்தின விசேஷத்தில் ஓரிடத்திலும் இல்லை, யோவானின் முதல் இரண்டு நிருபங்களில்தான் இருக்கிறது. அந்தப் புத்தகத்தில் மிருகத்தின் எண்ணாக வரும் 666, ரோமப் பேரரசர் நீரோவின் பெயரை எபிரெய எழுத்துகளில் 'நீரோ சீசர்' என்று எழுதி, எழுத்துகளின் எண் மதிப்பைக் கூட்டினால் வருகிறது. எனவே அந்தப் புத்தகத்தின் முதல் வாசகர்களுக்கு அது, இன்று சிலர் சொல்வதுபோல, பார்கோடையோ ஆதார் அட்டையையோ குறித்திருக்க முடியாது. ஆசியா மாகாணத்தில், அதாவது இன்றைய துருக்கியில், எபேசு முதல் லவோதிக்கேயா வரை ஏழு சபைகளுக்கு எழுதப்பட்ட கடிதம் அது. பேரரசின் அழுத்தத்தில் இருந்தவர்களிடம், 'கடைசி வார்த்தை ரோமாபுரியுடையது அல்ல' என்று சொல்லும் புத்தகம்.

தேதி குறிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அமெரிக்கப் போதகர் வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22-க்குக் காத்திருந்து உடைந்துபோனார்கள். 2011 மே 21 என்று ஹரால்டு கேம்பிங் வானொலியில் அறிவித்தார். 'அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்' என்று இயேசு சொல்லியிருக்கும்போது, நாள் சொல்கிற எவரையும் நம்ப வேண்டியதில்லை.

தீர்ப்பும் புதிய பூமியும்

கத்தோலிக்கர்கள் மரித்தவுடன் நடக்கும் தனித்தீர்வை, கடைசி நாளின் பொதுத்தீர்வை என்று இரண்டைச் சொல்வார்கள். தீர்ப்பு என்றதும் பயம்தான் நினைவுக்கு வரும். ஆனால் சங்கீதக்காரன் கடவுள் நியாயந்தீர்க்க வருகிறார் என்று மரங்களையும் கடலையும் மகிழச் சொல்கிறான். நீதி கிடைக்காமலே செத்தவர்களுக்கு அது நல்ல செய்தி. மத்தேயு 25-இல் இயேசு விவரிக்கும் தீர்ப்பில் கேட்கப்படுவது: பசியாயிருந்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா, வியாதியாயிருந்தவனைப் பார்க்கப் போனாயா, சிறையிலிருந்தவனைத் தேடி வந்தாயா? விசுவாசத்தால் மீட்பு என்று சொல்லும் சபைகளும் இந்த அதிகாரத்தைக் கடந்து போக முடியாது. உண்மையான விசுவாசம் இப்படித்தான் வெளிப்படும் என்பது அவர்கள் விளக்கம்.

நரகம் முடிவற்றது என்பது பெரும்பான்மை சபைகளின் போதனை. கடவுளை மறுத்தவர்கள் இறுதியில் இல்லாமலே போவார்கள் என்று நினைக்கும் கிறிஸ்தவர்களும் உண்டு. 4-ஆம் நூற்றாண்டின் நிசாவின் கிரகோரி, கடைசியில் எல்லாரும் மீட்கப்படுவார்கள் என்றே நம்பினார். இதில் நான் யாருக்கும் தீர்ப்புச் சொல்லத் துணியமாட்டேன்.

வேதாகமத்தின் கடைசி இரண்டு அதிகாரங்களில் மக்கள் மேலே போவதில்லை. நகரம் கீழே இறங்கி வருகிறது. புதிய வானமும் புதிய பூமியும் உண்டாகி, கடவுள் மனிதரோடு குடியிருக்க வருகிறார், கண்ணீரைத் துடைக்கிறார். அதனால்தான் இந்தப் பூமி எப்படியும் அழியப்போவதுதானே என்று அதைப் பாழாக்க ஒரு கிறிஸ்தவருக்கு உரிமை இல்லை. அந்த நகரத்தைப் பற்றி அந்தப் புத்தகத்தை எழுதிய யோவான் சொல்லும் இன்னொன்று: 'அதிலே தேவாலயத்தை நான் காணவில்லை.' கடவுள் நேரடியாகவே நடுவில் இருப்பதால் ஆலயம் தேவைப்படவில்லை. அதுவரை திருவிருந்தில் அப்பத்தைப் பிட்கும் ஒவ்வொரு முறையும், 'கர்த்தர் வருமளவும்' அவருடைய மரணத்தைச் சபை அறிவிக்கிறது. அந்த 'வருமளவும்' என்ற காலத்துக்குள்தான் சபையின் வேலை முழுவதும் இருக்கிறது.

புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவர்கள் நேராக வெளிப்படுத்தின விசேஷத்தின் மிருகங்களுக்குள் போக வேண்டாம். முதலாம் தெசலோனிக்கேயர் 4, முதலாம் கொரிந்தியர் 15, மத்தேயு 25, ரோமர் 8 என்ற வரிசையில் படியுங்கள். அப்புறம் வெளிப்படுத்தின விசேஷத்தின் 2, 3 அதிகாரங்களில் ஏழு சபைகளுக்கு எழுதியதைப் படித்துவிட்டு, 21, 22-க்குப் போங்கள். நடுவில் உள்ளவற்றை, உங்களைப் பயமுறுத்தாமல் பொறுமையாகச் சொல்லித்தரும் ஒருவரோடு உட்கார்ந்து படிக்கலாம்.